மோட்டாருக்கு 10 வருஷம், போர்டுக்கு 2 வருஷம்

"உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு 5 நட்சத்திரம் வழங்க இங்கே அழுத்தவும்."

தீர்க்கப்பட்டதாம்! வாஷிங் மெஷின் செத்துக் கிடக்கிறது. பாத்ரூமில் உட்கார்ந்து பிள்ளையின் ஸ்கூல் யூனிஃபார்மைக் கையால் கசக்கிக்கொண்டிருக்கும்போது இந்த மெசேஜ் வருகிறது. யார் தீர்த்தார்கள்? எதைத் தீர்த்தார்கள்? கம்பெனியின் கம்ப்யூட்டரில் என் புகார் எண்ணுக்கு நேரே ஒரு பச்சை டிக் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த டிக் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் ஃப்ரிட்ஜுக்கோ ஏசிக்கோ டிவிக்கோ இதே கூத்தைப் பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்லித் தீர்க்காவிட்டால் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

முதலில் அந்த டோல் ஃப்ரீ நம்பர். மொழிக்கு ஒரு எண், பொருளுக்கு ஒரு எண், வாரண்டியில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரு எண். எல்லாவற்றையும் அழுத்திய பிறகு "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குரல், அப்புறம் பாட்டு, அப்புறம் திரும்பவும் அதே குரல். கடைசியில் வாட்ஸ்அப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே மாடல் நம்பர், சீரியல் நம்பர், பில் போட்டோ. "தண்ணீர் வெளியேறவில்லை, கதவும் திறக்கவில்லை" என்று டைப் செய்தால், "மன்னிக்கவும், புரியவில்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பதில் வருகிறது. வாங்கும்போது கடையில் நாலு பேர் சுற்றி நின்று டிரம் எப்படி, ஸ்பின் எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். பணம் கைமாறும்வரை மனிதர்கள் பேசினார்கள், மாறிய பிறகு மிஷின்தான் பேசுகிறது.

டெக்னீஷியன் வந்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. டி-ஷர்ட்டில் கம்பெனி பெயர், பையில் கம்பெனி பெயர். ஆனால் சம்பளம் கொடுப்பது கம்பெனி இல்லை, இந்த ஏரியாவுக்கு ஏஜென்சி எடுத்திருக்கும் யாரோ ஒருவர். மெஷினுக்குக் கீழே மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும் இல்லையா, அதைத் திறந்து, ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, உள்ளே தேங்கியிருந்த சோப்புத் தண்ணீரைத் தட்டில் பிடித்துப் பிடித்து ஊற்றினான். கதவு திறந்தது. நாற்றமெடுத்த போர்வையை வெளியே எடுத்தோம். அப்புறம் பம்பைக் கழற்றி நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தான். சுற்றியது.

"பம்பு நல்லாருக்கு மேடம். போர்டு போயிடுச்சு."

"போர்டுல என்ன போயிருக்கு தம்பி?"

"அதெல்லாம் நாங்க பாக்க மாட்டோம் மேடம். போர்டையே மாத்தணும். 9,200 ஆகும், ஜிஎஸ்டி தனி."

ஜிஎஸ்டி சேர்த்தால் 10,856 ரூபாய். மெஷின் வாங்கியதே 32,000 ரூபாய்க்கு. மூன்றில் ஒரு பங்கு விலையைக் கேட்கிறார்கள், அதுவும் மெஷினை இயக்கும் உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் பலகை ஒன்றுக்கு, அதில் எது கெட்டது என்று பார்க்கக்கூட மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே.

இதைச் சொல்லிவிட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்தான். உப்புக்கறை நீக்கும் பவுடர். ஓடாத மெஷினுக்குப் பவுடர்! அது வேண்டாம் என்றதும் சக்கரம் வைத்த ஸ்டாண்டு, அதுவும் வேண்டாம் என்றதும் கவர், குழாயில் மாட்டும் ஃபில்டர், கடைசியாக ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். "எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்று கேட்டேன். "டார்கெட் மேடம்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. ரிப்பேர் பார்க்கப் படித்தவனைப் பவுடர் விற்பவனாக்கி வீடு வீடாக அனுப்புகிறார்கள். எனக்கு வயிறெரிந்தது.

அடுத்ததுதான் உச்சம். "மேடம், உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"வேலையே முடியலையே, எதுக்கு ஓடிபி?"

"இந்தக் கம்ப்ளெயிண்ட்ட க்ளோஸ் பண்ணணும் மேடம். போர்டு வந்ததும் புதுசா ஒண்ணு போட்டுக்கலாம். 24 மணி நேரத்துல க்ளோஸ் ஆகலைன்னா எனக்கு இன்சென்டிவ் கட் ஆகும்."

சொல்ல மாட்டேன் என்றேன். விசிட் சார்ஜ் 590 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "நீங்க ஓடிபி சொன்னாத்தான் மேடம் போர்டுக்கு ஆர்டரே போட முடியும். சிஸ்டம் அப்படித்தான் இருக்கு." அதாவது, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொண்டால்தான் பிரச்சினையைத் தீர்க்க ஆரம்பிப்பார்கள். வேறு வழியில்லாமல் சொல்லித் தொலைத்தேன். அப்படித்தான் விழுந்தது அந்தப் பச்சை டிக். ஓடிபி என்பது நுகர்வோர் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்தது. நான் சம்மதித்தேன் என்பதற்கு அடையாளம் அது. அதையே என் கழுத்தைப் பிடிக்கும் கயிறாக்கி வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் யாராவது ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் என் புகார் ஒரே நாளில் தீர்ந்ததாக இருக்கும். போர்டு வந்த பிறகு போடும் இன்னொரு புகாரும் ஒரே நாளில் தீர்ந்ததாக இருக்கும். நடுவில் நான் துணியைக் கையால் துவைக்கும் நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் "சேவையில் முதலிடம்" என்று விளம்பரம் கொடுப்பார்கள்.

வாரண்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மெஷின் நெற்றியிலேயே பெரிதாக ஒட்டியிருக்கிறது: மோட்டாருக்கு 10 வருட வாரண்டி. அதைப் பார்த்துத்தானே வாங்கினோம். மற்ற எல்லாவற்றுக்கும் 2 வருடம், அது பொடி எழுத்தில், அட்டையின் உள்பக்கத்தில். பல கம்பெனிகளின் மெஷின்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். இப்போது வரும் இன்வெர்ட்டர் மோட்டாரில் தேயக்கூடிய கார்பன் பிரஷ் கிடையாது, அது லேசில் கெடாது. கெடுவது போர்டு. ஈரம், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், கரப்பான், பல்லி எல்லாம் போர்டைத்தான் பதம் பார்க்கும். அது கம்பெனிக்குத் தெரியாதா? கெடாத பொருளுக்கு 10 வருடம் வாக்குக் கொடுத்துவிட்டு, கெடப்போகும் பொருளை 2 வருடத்தோடு கைகழுவுவதற்கு எத்தனை பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள்!

இதற்குள் இன்னொரு போன். "மேடம், உங்க மெஷின்ல போர்டு ஃபால்ட்னு பாத்தோம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, பழசுக்கு 2,500 தர்றோம்." என் பழுது ரிப்பேர் பிரிவுக்குப் போவதற்கு முன்பே விற்பனைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போர்டுக்கு ஆர்டர் போட ஓடிபி கேட்ட சிஸ்டம், இந்த வேலைக்கு யாரிடமும் எந்த ஓடிபியும் கேட்கவில்லை.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். "பம்புக்குக் கரண்ட் அனுப்புற ட்ரையாக் போயிருக்கும்மா. மூணு கால் இருக்கும், சின்னது. அம்பது ரூபா பெறாது" என்றார். மாற்ற முடியுமா என்று கேட்டதற்குப் போர்டைத் திருப்பிக் காட்டினார். மொத்தப் போர்டும் கெட்டியான பசைக்குள் முழுகிக் கிடந்தது. ஈரம் படாமல் இருக்க ஊற்றுகிறோம் என்பது கம்பெனியின் விளக்கம். அது உண்மைதான், ஈரம் படாது. மெக்கானிக்கின் கையும் படாது. சூடு காட்டி, பிளேடால் சுரண்டி, கால்களை வெளியே எடுத்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ட்ரையாக் வாங்கிக்கொண்டு வந்து முயன்று பார்க்கிறேன், வராவிட்டால் பழைய மெஷினிலிருந்து கழற்றிய போர்டு ஏதாவது கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். "சர்க்யூட் படம் மட்டும் குடுத்தா ஒரு மணி நேர வேலைம்மா. குடுக்க மாட்டாங்க. போர்டையும் நமக்கு விக்க மாட்டாங்க."

அம்மா வீட்டில் ஒரு கோயம்புத்தூர் கிரைண்டர் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் பெல்ட், கல் வழவழப்பானால் கல் கொத்துபவர், கெபாசிட்டர் போனால் கெபாசிட்டர். எந்த ஊரில் எந்தக் கடைக்குத் தூக்கிப் போனாலும் பிரித்துப் பார்ப்பார்கள். கம்பெனியின் அனுமதி யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தொழில்நுட்பம் வளர்ந்தால் நம் பிடி கூட வேண்டும், நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதற்கா வளர்கிறது?

இது இன்றைக்கு முளைத்த புத்தியும் கிடையாது. 1924லேயே ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று முடிவெடுத்தன. அதைவிட அதிகம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். நன்றாகச் செய்ததற்கு அபராதம்! ஆப்பிள் கம்பெனி 2017ல் ஒரு அப்டேட் வழியாகப் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பேட்டரி பழசானதால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று அந்த டிசம்பரில்தான், மற்றவர்கள் சோதித்துக் கண்டுபிடித்த பிறகு, வாயைத் திறந்தது. பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது போன் வாங்கினார்களோ. 2020ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் வழக்கை முடித்துக்கொள்ள 50 கோடி டாலர்வரை தர ஒப்புக்கொண்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறொன்றை நினைத்தால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து ஒரு விதி இருக்கிறது. வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி, அந்த மாடலை நிறுத்திய பிறகும் குறைந்தது 10 வருடம் உதிரி பாகம் வைத்திருக்க வேண்டும். மோட்டார், பம்பு, போர்டு எல்லாம் வெளி மெக்கானிக்குகளுக்கும் விற்றாக வேண்டும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். ரிப்பேர் விவரங்களையும் கொடுக்க வேண்டும். அங்கே இந்த விதிக்குக் கட்டுப்பட்டு விற்கும் அதே பன்னாட்டு கம்பெனிகள்தான் இங்கேயும் கடை விரித்திருக்கின்றன. ஆக, முடியாது என்று எதுவும் இல்லை. சட்டம் கேட்டால் செய்கிறார்கள், நாம் கேட்டால் சிஸ்டத்தைக் காட்டுகிறார்கள்.

நம் அரசாங்கமும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. போய்ப் பார்த்தேன். எந்தக் கம்பெனிக்கு எங்கே சர்வீஸ் சென்டர், எந்த நம்பர் என்ற தகவல்கள். எனக்குத் தகவலா குறை? போர்டை விற்கச் சொல்லிக் கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்லவா வேண்டும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன். மரியாதையாகக் கேட்டு, குறித்துக்கொண்டார்கள். குறித்ததை எங்கே அனுப்புகிறார்கள்? அதே கம்பெனிக்கு. கம்பெனி என்ன பதில் சொல்லும்? புகார் தீர்க்கப்பட்டது, வாடிக்கையாளர் ஓடிபி கொடுத்திருக்கிறார் என்று சொல்லும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம்வரை கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டால் எனக்குப் போகும் சம்பளம் போர்டு விலையைத் தாண்டிவிடும். நாம் இப்படிக் கணக்குப் பார்த்து வாயை மூடிக்கொள்வோம் என்பதும் அவர்கள் கணக்கில் இருக்கிறது.

2022ல் மட்டும் உலகம் முழுக்க 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்திருக்கிறது. ஐம்பது ரூபாய் ட்ரையாக்குக்காக, நல்ல மோட்டாரோடும் நல்ல டிரம்மோடும் என் மெஷினும் அதில் போய் விழ வேண்டுமாம். பெட்டியில் பச்சை இலை படம் போட்டு "பூமியைக் காப்போம்" என்று அச்சடித்தவர்களின் யோசனை இது.

சரி, இந்த ஆத்திரத்தோடு துணி சோப்பு வாங்க சூப்பர் மார்க்கெட் போனேன். 40 ரூபாய் சோப்பு. கவுண்டரில், "நம்பர் சொல்லுங்க மேடம்." எதற்கு? "பில் போடணும் மேடம்." நம்பர் தர முடியாது, பில் போடுங்கள் என்றால், நம்பர் இல்லாமல் சிஸ்டம் எடுக்காதாம். மொபைல் நம்பர் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர் "சொல்லிட்டுப் போங்கம்மா, லேட்டாகுது" என்கிறார். சொல்ல மாட்டேன் சார். காசு கொடுத்துத்தானே சோப்பு வாங்குகிறேன்? மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார், நம்பர் இல்லாமலே பில் வந்தது.