11 பேருக்கு எதற்கு இரண்டு தசமதானம்?

அந்த அட்டவணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து நானிருக்கும் வட்ஸ்அப் குழு ஒன்றும் மிச்சமில்லை. பதினோராம் தரத்தில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் எத்தனை சதவீதம் பேர் உயர்தரத்துக்கு, அதாவது 12ஆம் 13ஆம் தரப் படிப்புக்கு, தகுதி பெற்றார்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அடுக்கி, கடைசி ஐந்துக்கும் சிவப்பு வட்டம் போட்டு, "இவற்றை இழுத்து மூடினால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். என்னோடு கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகச் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றில்தான் நான் கணிதம் படிப்பிக்கிறேன்.

ஒரு விசயத்தைத்தான் சொல்ல வந்தேன். அந்தச் சதவீதத்தில் முதலில் தெரிவது, ஆறாம் தரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யார் வந்து சேர்ந்தார்கள் என்பது. நாங்கள் படிப்பித்ததும் படிப்பிக்காததும் அதற்குப் பிறகுதான் வரும். இதைப் பிரித்துப் பார்க்காமல் வட்டம் போடுவது அநியாயம்.

எங்களுடையது வகை 2 பாடசாலை. பதினோராம் தரத்தோடு முடிகிறது, உயர்தரம் கிடையாது. ஊரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எப்படி நடக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, பத்து வயதுப் பிள்ளை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகள் அடுத்த வருசம் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு வான் ஏறிவிடுவார்கள். எடுக்காத பிள்ளைகளிலும், தாய் தகப்பனுக்குக் கொஞ்சம் வசதியோ ஆள் பழக்கமோ இருந்தால், எப்படியாவது வேறொரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிடும். மிஞ்சுகிற பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். பிறகு ஆறு வருசம் கழித்து, கெட்டிக்காரரை எல்லாம் பொறுக்கி எடுத்த பள்ளிக்கூடத்தையும் எங்களையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதி, பார் இவர்கள் எப்படிப் படிப்பிக்கிறார்கள், அவர்கள் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்றால் என்ன நியாயம் இது?

இந்தமுறை எங்களிடம் பரீட்சை எழுதியவர்கள் 11 பேர். உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 5 பேர். அட்டவணையில் 45.45 என்று போட்டிருக்கிறது. 11 பிள்ளைகளுக்கு எதற்கு இரண்டு தசமதானம்? போனமுறை 13 பேரில் 8 பேர், 61.54. ஆகவே "பாரிய வீழ்ச்சி" என்று ஒரு சிவப்பு அம்புக்குறி வேறு. இன்னும் இரண்டே இரண்டு பிள்ளைகள் தகுதி பெற்றிருந்தால் 63.64 ஆகியிருக்கும், அதே அம்புக்குறி பச்சையாகி மேலே பார்த்திருக்கும். ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நேரம் காய்ச்சல், இன்னொன்றின் வீட்டில் செத்தவீடு. எங்களுடையது மாதிரிப் பள்ளிக்கூடத்தில் ஏற்றமும் வீழ்ச்சியும் இவ்வளவுதான். இதற்கு அம்புக்குறி போடுவது கணிதம் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை. ஆனால் செய்தவர் பட்டதாரி.

அந்தத் தகுதி பெறாத ஆறு பேரில் ஒரு பொடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் அடையாளமும் வேண்டாம். தகப்பன் கடற்தொழில். ஆறாம் தரத்துக்கு வந்த முதல் கிழமை எல்லோருக்கும் ஒரு சின்னச் சோதனை வைப்பேன், யாருக்கு எங்கே பிடிபடவில்லை என்று பார்க்க. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் இவன் 35 என்று எழுதியிருந்தான். ஏன் என்று பார்த்தால், 2இலிருந்து 7ஐ எடுக்க முடியாது, ஆனபடியால் 7இலிருந்து 2ஐ எடுத்துவிட்டான். ஐந்து வருசம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. புலமைப்பரிசில் வகுப்பில் ஓடக்கூடிய பிள்ளைகளோடு எல்லோரும் ஓடிவிட்டார்கள், இவனைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. விடியப்புறம் வலையில் மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வருவான். கொப்பியைத் திருத்தும்போது தாளில் மீன் வெடுக்கு மணக்கும். அவனைப் பதினொன்றுக்குள் ஒருங்கமை சமன்பாடு செய்கிற அளவுக்குக் கொண்டுவந்தோம். நான் மட்டும் இல்லை, தமிழ் படிப்பிக்கிற ரீச்சரும் சேர்ந்துதான், ஏனென்றால் அவனுக்கு வாசிப்பும் எழுத்துக் கூட்டித்தான் வந்தது, கேள்வி விளங்காமல் கணக்கு எப்படிச் செய்வது? இந்தமுறை கணிதத்தில் அவனுக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி. மொத்தம் ஐந்து பாடம் சித்தி, அதில் இரண்டு சி, அதாவது திறமைச் சித்தி.

உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் குறைந்தது மூன்று பாடத்திலாவது சி எடுத்திருக்க வேண்டும். ஆகவே அட்டவணையில் அவன் பூச்சியம். வெறும் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையும் அவனும் அந்த நிரலில் ஒன்று. 42இலிருந்து 17ஐக் கழிக்கத் தெரியாமல் வந்தவன் கணிதத்தில் சித்தியடைந்தது எந்த நிரலிலும் இல்லை.

இப்போது வருவார்கள். "அப்போ ஆசிரியர்மாரில் பிழையே இல்லையோ?" இருக்கிறது. வேலைக்கு வந்து கையெழுத்து வைத்துவிட்டு, பின்னேரம் ரியூசனில் மட்டும் உயிரைக் கொடுத்துப் படிப்பிக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். பெரிய பள்ளிக்கூடங்களிலும் இருக்கிறார்கள், அங்கே பிள்ளை வெளியே படித்துப் பாஸ் பண்ணிவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை. இதற்கு மேலே இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

"அந்தக் காலத்தில் குப்பி விளக்கில் படித்து டொக்டர் ஆகவில்லையோ, பங்கருக்குள் இருந்து படிக்கவில்லையோ?" இந்தக் கேள்விதான் என்னை அதிகம் நோகப்பண்ணுகிறது. ஆனார்கள். 1995 ஒக்ரோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் புத்தகப் பையோடு நடந்தவள்தான். மரத்தடியில் இருந்து படித்தேன், அதையும் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் வகுப்பில் ஊரின் எல்லாப் பிள்ளையும் இருந்தது. விதானையாரின் மகனும் மேசன் வேலைக்குப் போகிறவரின் மகளும் ஒரே வாங்கில். எனக்கு விளங்காததைப் பக்கத்தில் இருந்த கெட்டிக்காரி சொல்லித் தந்தாள். இன்றைக்கு என் வகுப்பில் அந்தக் கெட்டிக்காரி இல்லை. அவளைப் பத்து வயதிலேயே பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டோம். மிச்சம் உள்ள பிள்ளைக்கு யாரைப் பார்த்துப் படிக்கச் சொல்வது? சாதித்த ஒருவரின் பெயரைச் சொல்கிறவர்கள், அதே மரத்தடியில் இருந்து படித்து ஒன்றும் ஆகாமல் போன என் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

"வடக்கு கடைசி, அதைப் பற்றிக் கதைக்கக்கூடாதோ?" கதையுங்கள். 2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரத்தில் நாடு முழுக்க உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 73.45 சதவீதம், வடமாகாணம் 69.86, ஒன்பது மாகாணத்தில் ஒன்பதாவது. எனக்கும் அது வெட்கம்தான். ஆனால் அதைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவர்களுக்குக் கட்டுகிற 9ஏ பனர்களால் முடியாது. 9ஏ எடுக்கிற பிள்ளை எப்படியும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஏறவேண்டியது ஐந்து பாடத்தில் நிற்கிற பிள்ளை. அந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது? நீங்கள் மூடச் சொல்கிற பள்ளிக்கூடத்தில். மூடினால் அவன் பட்டணத்துக்கா போவான்? வான் காசு யார் கட்டுவது? அவன் நேரே வள்ளத்துக்குத்தான் போவான்.

அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு மையம் எட்டாம் தரப் பிள்ளைகளைக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஆங்கிலத்திலும் சோதித்திருக்கிறது. எல்லாப் பள்ளிக்கூடத்தையும் அல்ல, மாதிரி எடுத்து, பிள்ளைகளுக்கு எந்தத் திறன் வரவில்லை என்று பார்க்க. அது அளப்பது. அதேபோல ஆறில் வரும்போது பிள்ளை எங்கே நின்றது, பதினொன்றில் எங்கே நிற்கிறது என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போடுங்கள் பார்ப்போம். அந்த அட்டவணைக்கு நான் முதல் ஆளாக வருவேன்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மொழியும் மாவட்டமும் பார்த்துப் புள்ளியைக் கூட்டிக் குறைத்த தரப்படுத்தல் என்றால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்குக் கண் சிவக்கும். 1970களில் அவருக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல் போனது அதனால்தான். அதனால் ஒருவர் வருவார், "அப்போ நீர் தரப்படுத்தல் சரியென்கிறீரோ?" என்று. இல்லை. ஒரு பிள்ளைக்கும் ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பிள்ளை எழுதிய புள்ளியை எடுத்து அதன் முகத்தில் அடிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை. எங்கள் ஆங்கில ஆசிரியர் இரண்டாம் தவணையில் இடமாற்றமாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. பதினொன்றுப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்துக்கு மரத்துக்குக் கீழே இருந்தார்கள். எத்தனை கடிதம் போனது என்று அதிபருக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் பவிலியன் கட்டட்டும், நீச்சல் குளம் கட்டட்டும், அவர்களின் காசு, அவர்களின் பாசம். ஆனால் எங்களுக்கும் பழைய மாணவர்கள் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அப்படி ஒருவர் என்னிடம், "ரீச்சர், இன்னும் அங்கேயோ? நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற ஏலாதோ?" என்று கேட்டார். அவர் எழுத்து படித்ததே எங்கள் பள்ளிக்கூடத்தில்தான்.

அந்தப் பொடியனின் தாய் நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தா. யாரோ போனில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். "ரீச்சர், இவன் பெயிலோ?" என்று கேட்டா. கணிதம் பாஸ் அம்மா, இன்னும் ஒரு பாடம்தான் என்றேன். விஞ்ஞானத்தைத் திரும்ப எழுதப் போகிறான். தமிழில் சி வந்திருக்கிறது, வரலாற்றையும் சி ஆக்கினால் போதும்.

இந்த வருசம் ஆறாம் தரத்துக்கு வந்தவர்களில் நாலு பேருக்கு வாசிக்க வராது. சனிக்கிழமை காலையில் நானும் தமிழ் ரீச்சரும் வாசிப்பு வகுப்பு வைக்கிறோம், காசு இல்லை. பதினொன்றுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒருவர் வேண்டும், ஓய்வு பெற்றவர் என்றாலும் சரி, உயர்தரம் முடித்துவிட்டு நிற்கிற பிள்ளை என்றாலும் சரி. வலிகாமம் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பஸ் காசு நான் தருகிறேன்.