ஐநா-ல மூடினது ஒரிஜினல் குவெர்னிகா இல்லைங்க

2003ல ஈராக் போருக்கு முன்னாடி ஐநா-ல இருந்த பிக்காசோவோட ஒரிஜினல் குவெர்னிகா ஓவியத்தையே திரை போட்டு மறைச்சிட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. பாதிதான் சரி. நீலத்துணி போட்டு மூடினது நெசம், ஆனா அங்க தொங்கினது 1955ல அமெரிக்க கோடீஸ்வரர் நெல்சன் ராக்ஃபெல்லர் நெய்யச் சொன்ன டேப்ஸ்ட்ரி, அதாவது தறியில நெய்த நகல்.

ஒரிஜினல் மாட்ரிட்ல ரெய்னா சோஃபியா மியூசியத்துல இருக்கு, 7 மீட்டருக்கு மேல நீளம். 1937ல, பின்னாடி ஸ்பெயின் சர்வாதிகாரியான ஃபிராங்கோவுக்காக ஜெர்மன், இத்தாலி விமானங்க குண்டு போட்டு அழிச்ச, வட ஸ்பெயின்ல பாஸ்க் பகுதியில இருக்குற குவெர்னிகாங்கிற ஊரைப் பத்தினது, ஸ்பெயின்ல மக்களாட்சி திரும்புற வரைக்கும் அனுப்பக்கூடாதுன்னு பிக்காசோ பிடிவாதமா இருந்ததால 1981லதான் ஸ்பெயினுக்கு வந்துச்சு, அவரே 1973ல போயிட்டாரு.

மூடினதுக்கு அப்ப சொன்ன காரணம், டிவி கேமராவுக்கு பேக்ரவுண்டு சரியா வரலையாம். நம்புறது உங்க இஷ்டம்.