ஏரிக்கரையில் நின்று படம் எடுப்பது குற்றமா?

இன்று காலை ஆறேகால் மணிக்குச் சேலத்தில் எங்கள் ஏரிக்கரையில் டிரைபாடை விரித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, விசில் சத்தம். காவலாளி ஓடி வந்தார். “கேமராவை உள்ளே வையுங்கள் சார், இங்கே படம் எடுக்கக் கூடாது.” யார் சொன்னது என்று கேட்டேன். மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். எந்த மேலிடம்? தெரியாது. அறிவிப்புப் பலகை இருக்கிறதா? இல்லை. எழுத்தில் ஏதாவது? அதுவும் இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முதுகுக்குப் பின்னால் நான்கு பையன்கள் கைபேசியில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு சொல் இல்லை. கைபேசி என்றால் பொழுதுபோக்கு, லென்ஸ் வைத்த கேமரா என்றால் களவு. இந்தக் கணக்கை எவர் போட்டார்கள் என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் காவலாளியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவெல்லாம் கொசுக்கடியில் நின்றவர், சொன்னதைச் செய்கிறார். வாய்மொழியாகத் தடை போட்டுவிட்டு, கேட்டால் யாரும் பொறுப்பேற்காமல் ஒளிந்துகொள்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பதினோரு வருடமாக இதே கரையில், இதே வேப்ப மரத்தடியில் நின்று வருடத்துக்கு இரண்டு முறை படம் எடுக்கிறேன். தை பிறந்ததும் ஒன்று, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒன்று. முதல் வருடப் படத்தில் எதிர்க்கரையில் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்கு மேலே சேர்வராயன் மலை ஒரு மறைப்பும் இல்லாமல் நீளமாகக் கிடக்கிறது. ஐந்தாவது வருடப் படத்தில் தோப்புக்குள் ஒரு நீலத் தகரக் கூரை முளைத்திருக்கிறது. அடுத்த வருடம் அந்த இடத்தில் தூண்கள். அதற்கடுத்த வருடம் மூன்று மாடி. இப்போது மலையின் பாதியை ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு விளம்பரத் தட்டிகளும் தின்றுவிட்டன. தண்ணீரில் ஆகாயத்தாமரை எந்த மூலையில் தொடங்கியது, எத்தனை மாதத்தில் மதகு வரை வந்தது, நாமக்கோழிகள் எந்தப் பக்கம் ஒதுங்கின என்பதெல்லாம் அந்த இருபத்துச் சொச்சம் படங்களில் இருக்கிறது. வேறெங்கே இருக்கிறது? யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? இருந்தால் சொல்லட்டும், நான் இன்றே கேமராவை உறையில் போட்டுவிடுகிறேன்.

சட்டம் என்று ஆரம்பிக்கிறார்கள். சரி, சட்டத்தையே பேசுவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படம் எடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று சொல்கிறது. 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் தடைசெய்யப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசுகிறது. படைத்தளம், ஆயுதத் தொழிற்சாலை போன்றவை அவை. ஆகாயத்தாமரை மண்டிய ஏரியும், ஓடு சரிந்த திண்ணை வீடும், ஐம்பது வருடப் பழைய திரையரங்கமும் அந்தப் பட்டியலில் எப்போது ஏறின?

என் சித்தப்பா மகன் தூத்துக்குடியில் இருக்கிறான். அவனுக்கும் இதே பைத்தியம். கடற்கரைச் சாலை, பனிமய மாதா பேராலயம், கிரேட் காட்டன் சாலைப் பக்கத்துப் பழைய கிட்டங்கிகள், மீன்பிடித் துறையில் அடுக்கி நிற்கும் படகுகள் என்று அலைந்துகொண்டே இருப்பான். 1974இல் அந்த ஊர்த் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. அதன் வாசலில் மத்தியப் பாதுகாப்புப் படை நிற்கிறது. அங்கே கேமராவைத் தூக்கினால் தடுப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. சரக்குக் கப்பல் வரும் இடம், கடல் எல்லை. அவனே ஒப்புக்கொள்வான். ஆனால் துறைமுகத்துக்கு உள்ள காரணத்தைக் கடலே இல்லாத சேலத்தின் ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் எடுத்து வந்து மாட்டுகிறார்கள். “அண்ணா, எங்கள் ஊரில் எது கூடாது என்றாவது தெரியும், உங்கள் ஊரில் அதுகூடத் தெரியாது” என்றான் போன மாதம். பதில் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊர் மாறுகிற வேகம் சாதாரணமானதா? பழைய பஸ் நிலையத்தை இடித்தார்கள். 2023இல் அதே இடத்தில் ஈரடுக்கு பஸ் நிலையம் திறந்தார்கள். ஐந்து ரோட்டில் ஈரடுக்குப் பாலம் 2020இல் திறந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஊருக்கு வேண்டியதுதான். ஆனால் பாலத்துக்கு முன்னால் அந்தச் சந்திப்பு எப்படி இருந்தது என்று என் மகள் கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் ஏழே படங்கள் இருந்தன. அந்த ஏழில் மூன்றை எடுக்கும்போது, எந்தப் பத்திரிகை, எந்தக் கட்சி, எவர் அனுப்பினார் என்று கேட்டார்கள். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைப் பாருங்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் எடுத்த இடம். இன்றைக்கு நிற்பது அந்த வளைவு மட்டும்தான். ஊரே படம் எடுக்கிற தொழிலால் பெயர் வாங்கியது, அந்த ஊரில் படம் எடுப்பவனைத் திருடனைப் போலப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி சென்னை மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக இருந்தார். பெரிய பெட்டிக் கேமராவையும் இரசாயனப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய், இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் படம் எடுத்தார். 1858இல் அவை தொகுப்பாக வந்தன. இராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. நூற்று அறுபது வருடத்துக்கும் மேல் ஆகிறது, அந்தப் பாறையும் கோட்டையும் அன்று எப்படி இருந்தன என்று இன்று உட்கார்ந்து பார்க்கலாம். ஆள வந்தவன் எடுத்த படம் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன் தன் தெருவை எடுக்கப் போனால் அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீடு இருந்தது. வெள்ளிப் பட்டறைச் சந்து ஒன்றில், இரண்டு புறமும் திண்ணை, கடைந்த மரத் தூண்கள் நான்கு, வாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்பில் கிளிகளும் நடுவில் 1931 என்ற எண்ணும். வலது பக்கக் கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். மூன்று முறை அந்தத் தெரு வழியாகப் போய், வெயில் எந்த நேரத்தில் நிலைமேல் விழுகிறது என்று பார்த்து வைத்துவிட்டு, நான்காவது முறை கேமராவோடு போனேன். தெருவில் நின்றுதான் எடுத்தேன், படியில்கூடக் கால் வைக்கவில்லை. உள்ளிருந்து ஓர் இளைஞர் வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை, நேராக உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்தார். “இடத்தை அளக்க வந்தீர்களா? யார் அனுப்பினார்கள்?” எவ்வளவோ சொன்னேன். பழைய படங்களைக் காட்டினேன். கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துப் போனால் அங்கே வீடு இல்லை. பொக்லைன் நின்றுகொண்டிருந்தது. தூண்களைப் பழைய மரக்கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மங்களூர் ஓடுகள் முழங்கால் உயரத்துக்கு நொறுங்கிக் கிடந்தன. கிளிகளைத் தேடினேன். சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது.

அதற்கும் சில வாரம் கழித்துத் தெருமுனை டீக்கடைக்காரர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பாட்டி கேட்கிறாராம். அன்றைக்குப் படம் எடுக்க வந்த தம்பியிடம் வீட்டுப் படம் ஏதாவது இருக்கிறதா என்று. கல்யாணமாகி வந்து அறுபது வருடம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர். வீட்டில் எத்தனையோ கைபேசிகள் இருந்திருக்கின்றன. பிறந்தநாள் கேக்கும் முகங்களும் இருக்கின்றன, வாசலை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். அதில் முக்கால்வாசி அந்த இளைஞரின் கை. விரல் இடுக்கில் ஒரு தூணும், மேலே 19 வரைக்கும் எண்ணும் தெரிகின்றன. அதையே பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது சமையலறைப் பக்கத்துத் தூண்” என்றார். பேரன் அறைக்குள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை.

அதே சந்தில் இன்னும் இரண்டு வீடுகளின் சுவரில் சிவப்பு மையில் அளவுக் குறி போட்டிருக்கிறார்கள். நேற்று மாலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும். போகிறேன். 52ஆம் பிரிவை அச்சடித்துப் பையில் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லத் தயார், கையை மட்டும் லென்ஸின் மேல் வைக்காதீர்கள்.