ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டு ஸ்லைடைப் பாருங்கள்

பிளஸ் ஒன் விலங்கியலிலும் சரி, மருத்துவம், நர்சிங் முதலாமாண்டிலும் சரி, திசுக்கள் பாடம் ஒரே இடத்தில்தான் கெட்டுப்போகிறது. மாணவர் முதலில் புத்தகப் படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைகிறார். ஊதாப் பென்சில், ரோஸ் பென்சில், ஸ்கேல் வைத்துப் பாகம் குறித்தல். அப்புறம்தான் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார். நோட்டில் வரைந்தது உள்ளே இல்லை. உடனே "ஸ்லைடு சரியில்லை சார்" என்கிறார். ஸ்லைடில் ஒரு கோளாறும் இல்லை. பார்த்து வரைய வேண்டியதை வரைந்துவிட்டுப் பார்த்ததுதான் கோளாறு.

உள்கன்னச் செல்லையே எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த சோதனை, அதனாலேயே யாரும் கவனமாகச் செய்யாத சோதனை. வாயைக் கொப்பளித்துவிட்டு, பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை இரண்டு மூன்று தடவை லேசாக வழித்தால் போதும். ஸ்லைடில் ஒரு சொட்டு 0.9 சதவீத உப்புக் கரைசல், அதில் குச்சியைச் சுழற்றிப் பரப்பல், மேலே 0.5 சதவீத மெத்திலீன் நீலம் ஒரு சிறு சொட்டு, இரண்டு நிமிடம் பொறுமை. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் திரவத்தில் தொடவைத்து, சாய்வாக மெல்ல இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி நிச்சயம். தடித்த கருப்பு விளிம்போடு கச்சிதமான வட்டம் தெரிந்தால் அது குமிழிதான். அதையே செல் என்று வரைந்த நோட்டுகள் ஏராளம். மிச்சச் சாயத்தை வடிதாளை ஓரத்தில் வைத்து இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னணியும் நீலம், செல்லும் நீலம்.

சாயம் போட்டும் மங்கலாக இருந்தால், பெரும்பாலும் டயாஃபிரத்தை (நுண்ணோக்கி மேடைக்குக் கீழே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திறப்பை) முழுக்கத் திறந்து வைத்திருப்பீர்கள். பாதி மூடுங்கள், விளிம்பு எழுந்து வரும்.

இப்போது செல்லின் மேல் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரியும். பல மாணவர்கள் அதற்குத் துணிந்து, செல்லின் உள்ளுறுப்பான 'மைட்டோகாண்ட்ரியா' என்று அம்புக்குறி போடுகிறார்கள். அவை வாயில் வாழும் பாக்டீரியாக்கள். செல்லுக்கு வெளியிலும் அதே புள்ளிகள் கிடப்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஆனால் புத்தகச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதே, அப்போது இதிலும் இருந்தாக வேண்டுமே! நோட்டு கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்தது அளவு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய குறை. ஐபீஸில் (கண் வைக்கும் வில்லையில்) 18 என்ற புல எண் (பார்வை வட்டத்தின் அகலத்துக்கான எண்) இருந்தால், அதை ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடுக்கு அருகிலுள்ள வில்லையின்) உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 10 எக்ஸில் 1.8 மி.மீ., 40 எக்ஸில் 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே எட்டு கன்னச் செல்கள் அடங்கும் என்றால், ஒன்று சுமார் 56 மைக்ரோமீட்டர். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்குதான் இது.

கணக்கு எங்கே கைகொடுக்கும்? கொழுப்புத் திசுவையும் நுரையீரலையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. இரண்டிலும் வெறும் வளையங்கள். ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், கொழுப்புச் செல் வெற்றுக் கூடாக நிற்கிறது. நுரையீரலின் காற்றறையோ உண்மையிலேயே காற்று மட்டும் இருந்த இடம். கொழுப்புச் செல் பெரும்பாலும் 100 மைக்ரோமீட்டருக்குள், காற்றறை ஏறத்தாழ 200. 40 எக்ஸில் குறுக்கே இரண்டு வளையம் அடங்கினால் நுரையீரல் பக்கம் யோசியுங்கள். ஐந்தாறு அடங்கினால் கொழுப்பு. பிறகு வளையச் சுவரைப் பாருங்கள். கொழுப்புச் செல்லில் உட்கரு ஓரமாகத் தள்ளப்பட்டுத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். காற்றறைச் சுவரில் தந்துகிகளும் (மிக மெல்லிய இரத்தக் குழாய்களும்) அவற்றுள் சிவப்பணுக்களும் இருக்கும். சிவப்பணு சுமார் 7 மைக்ரோமீட்டர். பெரும்பாலான திசு ஸ்லைடுகளில் இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல்.

வெட்டு என்ற விஷயமும் சரியாக மண்டையில் ஏறுவதில்லை. ஸ்லைடில் இருப்பது 5 மைக்ரோமீட்டர் கனமுள்ள சீவல். பூரணக் கொழுக்கட்டையை ஓரமாகச் சீவினால் மாவு மட்டும்தான் வரும், பூரணம் இல்லாத கொழுக்கட்டை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் ஈரல் ஸ்லைடில் உட்கரு தெரியாத செல்லைப் பார்த்ததும் 'உட்கரு அற்றது' என்று எழுதுகிறோம். ஒரே அடுக்குத் தூண் எபிதீலியத்தை (உயரமான செல்கள் வரிசையாக நிற்கும் மேற்பரப்புத் திசுவை) கத்தி சாய்வாக வெட்டியிருந்தால் நாலைந்து அடுக்காகத் தெரியும். அதே திசுவில் மிக மெல்லியதாகத் தெரியும் இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே அடுக்கை எண்ணுங்கள்.

இதற்குச் சிறுகுடல் ஸ்லைடு ஒரு பொக்கிஷம். அதன் சுவரில் மென்தசை உள்ளே வட்டமாகவும் வெளியே நீளவாக்கிலும் ஓடுவதால், ஒரே தசையின் இரண்டு வெட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். ஒன்றில் இரு முனையும் கூம்பிய நீண்ட கதிர் வடிவச் செல்கள், உள்ளே சுருட்டு வடிவ உட்கரு. மற்றதில் சிறிதும் பெரிதுமாக வட்டங்கள், சிலவற்றில்தான் நடுவே உட்கரு. ஏன் சிலவற்றில் மட்டும்? கதிரின் நுனி வெட்டுப்பட்டால் சிறு வட்டம், அங்கே உட்கரு இருக்காது. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் ஸ்லைடு வைத்தாலும் தடுமாற்றம் வராது. அதுவும் ரோஸ்தான், அதுவும் கோடுகோடாகத்தான். ஆனால் உட்கரு குறைவு, மெலிந்து, நார்களுக்கு இடையில் வரிசையாகக் கிடக்கும். நிறத்தை நம்பிப் படித்தவர்தான் இங்கே மாட்டுவார்.

இடையில் ஒன்று. நாம் 'திசு' என்கிறோம், இலங்கைப் பாடநூல்கள் 'இழையம்' என்கின்றன. மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்த துணி என்று பொருள். எனவே இழையம்தான் எனக்குப் பிடித்த சொல். 1802இல் இறந்த பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர் நுண்ணோக்கியே இல்லாமல், ஊறவைத்தும் வேகவைத்தும் உலர்த்தியும் பார்த்து 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். நம் பிள்ளைகளிடம் நுண்ணோக்கி இருக்கிறது. ஸ்லைடின் மூலையில் கீறிய எண்ணை வைத்துத் திசுவை அடையாளம் காண்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பாட்டரில் (வைத்த ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லும் செய்முறைத் தேர்வில்) பெயருக்கு ஒரு மதிப்பெண் என்றால், கண்ணில் பட்ட காரணத்துக்கு இரண்டு கொடுங்கள். 'இதயத்தசை' என்று எழுதுவது ஒன்று. 'கிளைகள் உண்டு, வரிகள் உண்டு, உட்கரு நடுவில் இருக்கிறது, எனவே எலும்புத்தசையும் இல்லை, மென்தசையும் இல்லை' என்று எழுதுவது வேறு. முதலாவதை மூலை எண்ணே சொல்லிவிடும்.