உயிரோடு திரும்பியதுதான் குற்றம்

போரில் செத்தவனுக்குச் சிலை, ஜெயித்தவனுக்குப் பதக்கம். பிடிபட்டு, பட்டினி கிடந்து, எப்படியோ உயிரோடு வந்து சேர்ந்தவனுக்கு? சோவியத் யூனியன் அவனை விசாரணை அறைக்கு அனுப்பியது. ஒவ்வொரு மே மாதமும் மாஸ்கோவின் வெற்றி நாள் அணிவகுப்பு வீடியோக்கள் டைம்லைனில் ஓடும்போது எனக்கு இந்த எரிச்சல் வந்துவிடும். இடதுசாரி நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட செம்படை (சோவியத் ராணுவ) வீரர்கள் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 33 லட்சம் பேர் சிறையிலேயே இறந்தார்கள். அதே ஜெர்மனியிடம் சிக்கிய பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். 1941 இறுதியில் பல முகாம்களில் கொட்டகைகூட இல்லை. வெட்டவெளி, சுற்றிலும் முள்வேலி, அவ்வளவுதான். குளிருக்கு மண்ணைத் தோண்டிக் குழிக்குள் சுருண்டு படுத்தார்கள். புல்லையும் மரப்பட்டையையும் தின்றார்கள். அப்புறம் டைஃபஸ் என்ற தொற்றுக்காய்ச்சல் வந்தது. 1942 பிப்ரவரிக்குள் சுமார் 20 லட்சம் பேர் போய்விட்டார்கள். உணவுத் தட்டுப்பாடு என்று இதற்குச் சாக்குச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. வேலை செய்யாத கைதிகள் பட்டினியால் சாக வேண்டியதுதான் என்று ஜெர்மன் தரைப்படையின் வழங்கல் பிரிவுத் தலைவர் எட்வர்ட் வாக்னர் 1941 நவம்பரில் சொன்னது பதிவாகியிருக்கிறது. தட்டுப்பாடாம்!

இதெல்லாம் ஹிட்லரின் கணக்கு. ஸ்டாலினுக்கும் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. 1941 ஆகஸ்ட் 16-இல் வந்த ஆணை எண் 270, சரணடையும் அதிகாரிகளின் குடும்பத்தைக் கைது செய்யச் சொன்னது. சாதாரண வீரன் சரணடைந்தால் அவன் குடும்பத்துக்கு அரசு உதவி கிடையாது. ஸ்டாலினின் சொந்த மகன் யாகோவ் அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிடிபட்டிருந்தார். யாகோவின் மனைவியையும் உள்ளே தள்ளினார்கள். பாரபட்சமில்லாத ஆட்சி என்று யாராவது இதையும் பாராட்டக்கூடும்! ஆணை வந்து ஒரு மாதத்தில், கீவ் நகரைவிட்டுப் பின்வாங்க அனுமதி கேட்ட தளபதிகளுக்கு அதைக் காலத்தில் தராமல் இழுத்தடித்து, லட்சக்கணக்கானவர்களைச் சுற்றிவளைப்பில் சிக்கவைத்ததும் இதே ஸ்டாலின்தான். அவர்மீது எந்த ஆணையும் பாயவில்லை.

மிகயில் தேவ்யதாயேவின் கதையைப் படித்தால் இன்னும் வயிறு எரியும். ரஷ்யாவின் மொர்தோவியாப் பகுதியில் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, போர் விமானி. 1944 ஜூலையில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். தப்பிக்கச் சுரங்கம் தோண்டி மாட்டிக்கொண்டதும் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே முடிதிருத்தும் கைதி ஒருவர், செத்துப்போன ஒரு பள்ளி ஆசிரியரின் கைதி எண்ணை இவருக்கு மாற்றிக் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த ஆசிரியரின் பெயரில்தான் பால்டிக் கடலோரத்து உசெடோம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஜெர்மனியின் வி-2 ராக்கெட் சோதனைத் தளம் இருந்த இடம். விமான ஓடுபாதையில் விழுந்த குண்டுக்குழிகளை நிரப்புவது கைதிகளின் வேலை.

1945 பிப்ரவரி 8, மதிய உணவு நேரம். காவலனைக் கொன்றுவிட்டுப் பத்துக் கைதிகள் ஒரு ஹைன்கெல் குண்டுவீச்சு விமானத்தில் ஏறினார்கள். தேவ்யதாயேவ் அதுவரை அந்த விமானத்தை ஓட்டியதே இல்லை. முதல் ஓட்டத்தில் அது எழும்பவில்லை. திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினார். விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டைத் தனியாகத் தள்ளும் தெம்பு உடம்பில் இல்லாததால் கூட இருந்தவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். விமானம் எழும்பியது. சோவியத் படைகளின் பிடியில் இருந்த பகுதிக்குள் வந்ததும் ஜெர்மன் விமானம் என்று சொந்தப் படையே சுட்டது. எப்படியோ வயலில் இறக்கிவிட்டார்.

இறங்கியவர்களிடம் உளவுத்துறை முதலில் கேட்டது, உங்களை அனுப்பியது யார் என்று. எலும்பும் தோலுமான கைதிகள் விமானத்தைக் கடத்தினார்கள் என்றால் அவர்கள் நம்பத் தயாராக இல்லை. பத்துப் பேரில் ஏழு பேரைச் சில வாரங்களில் மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. தேவ்யதாயேவை விசாரணையிலேயே வைத்திருந்து, போர் முடிந்தபின் ராணுவத்திலிருந்து விடுவித்தார்கள். சிறைப்பட்டிருந்தவன் என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? கசான் ஆற்றுத் துறைமுகத்தில் கிடைத்த வேலையைச் செய்தார்.

நாடு திரும்பிய கைதிகள் எல்லோரும் சைபீரியாவுக்குப் போனார்கள் என்பது மிகை. பெரும்பாலோர் ராணுவத்துக்கோ வேலைப் படைக்கோ ஊருக்கோதான் போனார்கள். ஆனால் வேலைக்கான படிவத்தில் 'சிறைப்பட்டிருந்தீர்களா' என்ற கேள்வி பல வருடம் துரத்தியது. ஸ்டாலின் செத்த பிறகு, 1957-இல்தான் தேவ்யதாயேவுக்கு நாட்டின் மிக உயரிய விருதான 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் கிடைத்தது. மற்ற முன்னாள் கைதிகளுக்குச் சட்டப்படி முழு உரிமையைத் திருப்பித் தரும் ஆணையில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் கையெழுத்திட்டது 1995 ஜனவரியில். 1941-இல் இருபது வயதில் பிடிபட்டவனுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது, அதுவும் உயிரோடு இருந்திருந்தால்.