நர்ஸ் வராத நாளில் நடக்கும் வேலை

அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், வீட்டிலேயே மருந்து ஏற்றும் சேவைக்குப் போடும் ஒரு கணக்கின் மீது எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. இன்று அதை விரிவாக எழுதிவிடுகிறேன். வயதான பெற்றோரை இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் நேரம் எடுத்துப் படியுங்கள்.

நான் வேலை செய்வது ஒரு மருத்துவமனையைச் சேர்ந்த ஹோம் இன்ஃபியூஷன் ஃபார்மசியில். ஊரில் சொன்னால் "மெடிக்கல் ஷாப்பா?" என்று கேட்பார்கள். இங்கே கடையும் இல்லை, வரிசையில் நிற்கும் ஆட்களும் இல்லை. வார்டில் ட்ரிப்ஸாக ஏறிக்கொண்டிருந்த மருந்தை, வீட்டிலேயே ஏற்றிக்கொள்ள வழி செய்வதுதான் வேலை. எலும்புத் தொற்றுக்கும் இதய வால்வுத் தொற்றுக்கும் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். குடல் வேலை செய்யாதவர்களுக்கு டி.பி.என்., அதாவது ரத்தநாளம் வழியாகவே முழுச் சாப்பாடு. இதயம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இரவு பகலாக ஓடும் மில்ரினோன். கையில் போட்டிருக்கும் பிக் லைன் என்ற நீண்ட குழாய் வழியாக நோயாளியோ மனைவியோ மகனோதான் ஏற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு நர்ஸ் வாரம் ஒருமுறை வந்து டிரெஸ்ஸிங் மாற்றி, ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். மற்ற ஆறு நாளும் மருத்துவம் படித்த ஒருவரும் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. அந்த ஆறு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2016இல் 21ஸ்ட் செஞ்சுரி க்யூர்ஸ் சட்டம் வந்தபோது, மெடிகேர் முதல் முறையாக ஹோம் இன்ஃபியூஷன் சேவைக்கென்று தனியாகப் பணம் கொடுக்கும் என்று எழுதினார்கள். 2021 ஜனவரி 1 முதல் நிரந்தரத் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் விதியை எழுதியபோது, மருத்துவப் பணியாளர் ஒருவர் நேரில் வீட்டில் இருக்கும் நாளுக்கு மட்டும்தான் பணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதுவும் பம்ப் வழியாக ஏறும் ஒரு சிறிய மருந்துப் பட்டியலுக்குத்தான். நாங்கள் அன்றாடம் அனுப்பும் செஃபசோலின், செஃப்ட்ரையாக்சோன், வேன்கோமைசின் எதுவும் அதில் கிடையாது. அவற்றுக்கு மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி மருந்தின் விலையைக் கொடுக்கும். டியூபிங், ஊசி, பம்ப், கலக்கும் வேலை, ஃபார்மசிஸ்ட்டின் கண்காணிப்பு எல்லாம் நோயாளியின் கைக்காசு.

விளைவு என்ன தெரியுமா? அதே நோயாளி மூன்று நாள் உள்நோயாளியாக இருந்துவிட்டு, நர்ஸ்கள் பார்த்துக்கொள்ளும் தங்கும் மையமான நர்சிங் ஹோமுக்குப் போனால், முதல் 20 நாள் செலவை மெடிகேர் முழுதாக ஏற்கும். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர். சர்க்கரை நோய், கால் எலும்பில் தொற்று. காய்ச்சல் போய்விட்டது, பசி எடுக்கிறது. லைனில் மருந்து ஏற்ற மனைவி ஒரே நாளில் கற்றுக்கொண்டார். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மருந்து, அவ்வளவுதான் அவருக்குத் தேவை. வீட்டில் ஏற்ற ஆகும் சில்லறைச் செலவைக் கொடுக்க வழி இல்லாததால், அதைவிடப் பல மடங்கு அரசுக்குச் செலவு வைக்கும் ஒரு கட்டிலில், முன்பின் தெரியாதவர்களோடு கிடந்தார். அந்த அம்மா என் எதிரே நின்று, "நான்தான் கற்றுக்கொண்டேனே, ஏன் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டார். இன்றும் அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை.

நர்ஸ் வராத நாளில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை எடுத்த ரத்தத்தின் முடிவு சாயங்காலம் வரும். வேன்கோமைசின் ஏறுபவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் போன வாரத்தைவிடக் கூடியிருக்கும். 2020 வழிகாட்டுதலுக்குப் பிறகு ட்ரஃப் அளவை, அதாவது அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் மிச்சமிருக்கும் மருந்தை, மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. ஒரு நாள் முழுதும் உடம்புக்கு மருந்து எவ்வளவு கிடைக்கிறது என்று சொல்லும் ஏ.யூ.சி. கணக்குப் போட்டு அது 400க்கும் 600க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். தாண்டியிருந்தால் அன்றிரவு டோஸை நிறுத்தச் சொல்லி வீட்டுக்குப் போன், தொற்றுநோய் டாக்டருக்குப் போன், புது அளவில் புதுப் பை, ராத்திரியோடு ராத்திரியாக டெலிவரி. சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. டாப்டோமைசின் என்றால் தசையைக் கவனிக்க வாராவாரம் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். டி.பி.என். என்றால் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் ஒவ்வொன்றையும் பார்த்து அந்த வாரத்துக்கான ஃபார்முலாவைத் திருத்துகிறோம். மில்ரினோன் வீட்டில் எப்போதும் இரண்டாவது பம்ப் இருக்கும். அந்த மருந்து நின்றால் ஒரு சில மணி நேரத்தில் உடம்பில் அதன் பலம் இறங்கிவிடும். நடுச்சாமத்தில் பம்ப் அலறினால் போனை எடுப்பது எங்களில் ஒருவர். பனிப்புயல் வருகிறதென்றால் இரண்டு நாள் முன்னதாகவே வண்டி கிளம்பிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் மருந்தைக் கலக்க வேண்டுமே. கலந்த ஆம்பிசிலின் சில மணி நேரத்திலேயே வீரியம் இழக்கத் தொடங்கும். ஒரு வாரத்துப் பையைச் சேர்த்து அனுப்ப வழியில்லை. செஃபசோலினுக்கு அந்தச் சிக்கல் குறைவு. மருந்தைக் கிருமியில்லாமல் கலப்பதற்கான யு.எஸ்.பி. 797 விதியின் புதிய வடிவம் 2023 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்களைப் போன்ற கிளீன் ரூமில் வழக்கமாகக் கலக்கும் பையை, தனிக் கிருமிச் சோதனை இல்லாவிட்டால் அறை வெப்பத்தில் 4 நாளும் ஃபிரிட்ஜில் 10 நாளும்தான் வைக்கலாம். மாதாமாதம் மேற்பரப்பில் மாதிரி எடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கலப்பவர்களின் கைத்திறனைச் சோதிக்க வேண்டும். செலவு பிடிக்கும் காரியம்தான். இதைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு நான் 2011 அலபாமாவை நினைவுபடுத்துவேன். வெளி ஃபார்மசி ஒன்று கலந்து ஆறு மருத்துவமனைகளுக்குக் கொடுத்த டி.பி.என். பைகளில் செராஷியா கிருமி. தொற்று கண்ட 19 பேரில் 9 பேர் இறந்தார்கள். விசாரணையில் அதே கிருமி அந்த ஃபார்மசியின் தண்ணீர்க் குழாயிலும் இருந்தது தெரியவந்தது.

தனியார் கம்பெனிகள் இதைச் செய்யாமலில்லை. நல்ல ஃபார்மசிஸ்ட்டுகள் பலர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மருத்துவமனையோடு சேர்ந்த சேவைக்கு இரண்டு பலம் உண்டு. முதலாவது, நோயாளியின் ரெக்கார்டு எங்கள் திரையிலேயே திறக்கிறது. லேப் முடிவு, லைன் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்ற எக்ஸ்ரே, டாக்டர் நேற்று எழுதிய குறிப்பு எல்லாம் கண்முன் இருக்கும். வெளியிலிருப்பவர்கள் இன்னும் ஃபேக்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டாவது, லாபம் வராத நோயாளியை விட்டுவிடும் சுதந்திரம் எங்களுக்குக் கிடையாது, இருக்கவும் கூடாது. 2024 அக்டோபரில் பெரிய மருந்துக்கடை நிறுவனமான சி.வி.எஸ். ஆன்டிபயாட்டிக், டி.பி.என்., இதய மருந்துகளை வீட்டுக்கு அனுப்பும் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. விலையுயர்ந்த ஸ்பெஷாலிட்டி மருந்துகளைத் தொடர்ந்தது. அதற்குச் சற்று முன்புதான் ஹெலீன் புயலில் வட கரோலினாவில் உள்ள பாக்ஸ்டர் தொழிற்சாலை வெள்ளத்தில் மூழ்கியது. நாட்டின் ஐ.வி. திரவத்தில் சுமார் 60 சதவீதம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே இலையுதிர் காலத்தில் கைவிரிப்பும் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தன. ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டவர்கள் யாரிடம் போவார்கள்?

இதனால்தான் மருத்துவமனை நிர்வாகிகளிடம் எனக்கு ஒரு சண்டை. எங்கள் துறையின் லாப நஷ்டத்தை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் வைத்து, "ஆன்டிபயாட்டிக்கில் ஒன்றும் நிற்கவில்லையே, இம்யூனோகுளோபுலினைக் கூட்டுங்கள்" என்பார்கள். கூட்டட்டும், விலையுயர்ந்த அந்த மருந்தின் வரும்படிதான் மற்றதைத் தாங்குகிறது. ஆனால் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் ஒருவர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போனால், வார்டில் ஒரு கட்டில் காலியாகி, அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் இன்னொருவர் மேலே போகிறார். அந்த ஆதாயம் எங்கள் கணக்கில் ஏறுவதே இல்லை, வார்டின் கணக்கில் போய்ச் சேருகிறது. இரண்டையும் ஒரே தாளில் போடாமல் இந்தச் சேவையை எடை போடக் கூடாது.

எங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. 2019இல் வெளியான பிரிட்டனின் ஒவிவா ஆய்வு, எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1054 பேரை எடுத்துக்கொண்டு, முதல் ஆறு வாரம் மாத்திரை கொடுப்பது ரத்தநாளம் வழி மருந்துக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. மாத்திரை போதும் என்ற நோயாளிக்கு லைன் போட வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியது இன்ஃபியூஷன் ஃபார்மசிஸ்ட்தான். ரெஃபரல் குறையும், குறையட்டும். லைன் என்றாலே ரத்தக்கட்டும் தொற்றும் கூடவே வரும் அபாயங்கள்.

மருந்து ஏறும் ஒவ்வொரு நாளுக்கும், நர்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், சேவைக் கட்டணம் கொடுக்க வழி செய்யும் மசோதா ஒன்று அமெரிக்க காங்கிரஸில் திரும்பத் திரும்பத் தாக்கலாகிறது. 'பிரிசர்விங் பேஷன்ட் ஆக்சஸ் டு ஹோம் இன்ஃபியூஷன் ஆக்ட்' என்று பெயர். இங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு நிலை வந்தால், டிஸ்சார்ஜ் நாள் வரை காத்திருக்காதீர்கள். லைன் போடலாமா என்று பேச்சு வரும் அன்றே, டிஸ்சார்ஜ் ஏற்பாடுகளைக் கவனிக்கும் கேஸ் மேனேஜரைப் பிடியுங்கள். மாத்திரையாக மாற்ற முடியுமா என்று தொற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். முடியாதென்றால், மருந்துக்கு வெளியே ஒரு நாளைக்குக் கைக்காசு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்றால் திட்டத்தைப் பொறுத்து மாறும், அங்கேயும் தனியாகக் கேட்க வேண்டும். வாராந்திர ரத்தப் பரிசோதனை முடிவை யார் பார்க்கிறார்கள், ராத்திரி பம்ப் நின்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.