மாட்டை ஏன் ஐயா கழட்டுகிறீர்கள்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் 'அவிழ்' என்ற வினைச்சொல்லைக் கொன்று புதைத்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல், கழட்டு. தாப்பாவ் (பார்சல்) வாங்கிய தேத்தண்ணிப் பையின் முடிச்சைக் கழட்டு, மூட்டையைக் கழட்டு, சடையைக் கழட்டு. போன வாரம் ஒருவர் மாட்டையே கழட்டி விட்டாராம்! மாடு என்ன பழைய மோட்டார் சைக்கிளா? இல்லை, இருவருக்கும் காதல் முறிவா?

மாட்டியிருப்பதைக் கழற்றுவோம்: மோதிரம், மூக்குக்கண்ணாடி, டயர். கட்டியதை, முடிந்ததை, பின்னியதை அவிழ்ப்போம். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்ற முடியும். இதில் என்ன குழப்பம்? ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டிகளுக்கு யாரும் இலக்கணம் நடத்தவில்லை. "கண்ணுக்குட்டிய அவுத்து வுடு" என்பார்கள், "கம்மலக் கழட்டி வை" என்பார்கள். ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஏன் இந்தச் சொல்லை ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டால் ஒரு நமட்டுச் சிரிப்பு. 'அவுத்து' என்றாலே துணிதான் நினைவுக்கு வருகிறதாம், அசிங்கமாம். மொட்டு அவிழ்ந்து பூவாவதும் அசிங்கமா? பழந்தமிழில் சோற்றுப் பருக்கைக்கே அவிழ் என்று பெயர் உண்டு. அதையும் இலை போட்டு மூடிவிடலாமா? ஆனால் ஒருவன் புளுகினால் மட்டும் "கதை அவுத்து விடுறான்" என்று வாய் கூசாமல் வருகிறது.

மலாய் கலந்து கெட்டுப்போச்சு என்று சிலர் சாக்குச் சொல்கிறார்கள். கதவைத் திறக்கவும் விளக்கைப் போடவும் மலாயில் ஒரே சொல்லான 'புக்கா'வைப் பார்த்து "லைட்டைத் திற" என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான். ஆனால் முடிச்சை விடுவிக்க மலாயிலும் 'உராய்' என்று தனிச்சொல் இருக்கிறதே! பரீட்சைத் தாளில் விளக்கி எழுதச் சொல்லும் 'ஹுராய்க்கான்' கூட அந்த வழியில் வந்ததுதான். நாம் புதிரை அவிழ்க்கிற மாதிரி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுப் பையன் நோட்டில் "படகின் கயிற்றை அவிழ்த்தான்" என்று அழகாக எழுதியிருக்கிறான். டியூஷன் ஆசிரியர் அதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'கழட்டினான்' என்று திருத்தியிருக்கிறார். திருத்தமாம்! அவரை நேரில் பார்த்தால் கேட்கத்தான் போகிறேன்: அந்தக் கயிறு எந்த ஸ்குரூவில் ஐயா முடுக்கியிருந்தது?